புடவு விறகு

— துரைக்குத் தேத்தண்ணி வேணுமா, இல்ல மொதல்ல பூட்சக் கழட்டி விடட்டுமா?

— காலுல இருக்கிறது பூட்சு இல்லடா மிக்கேலு, அட்டை. அதக் கழட்டி விடு. சுண்ணாம்பு மிச்சம் இருக்கா?

— இருக்கு துரை. காலக் காட்டுங்க துரை. ஏ சீனி, ஆட்டாத! கெண்டக்காலு பூரா பந்தி போட்டு ஒக்காந்திருக்குக.

— குடிச்சுட்டுப் போகட்டும் விடப்பா. ஊருக்குள்ள என் ரத்தத்தக் குடிக்கிறவன விட இதுக எவ்வளவோ தேவலாம். நீ காட்டப் பாரு. மழை விட்டு மூங்கில்ல தண்ணி சொட்டுற சத்தத்தத் தவிர வேற சத்தம் உண்டா? "ஏலே சுமையத் தூக்கு, ஏலே டேராவப் பிரி"ன்னு ஒரு கொரல் உண்டா?

— போன மாசி மாசம் இந்தப் பாதையிலதான் அந்த வெள்ளைக்காரத் துரையோட கட்டிலத் தலையில வச்சுக்கிட்டு ஏறுனேன். கட்டிலுப்பா! காட்டுக்குள்ள! அன்னைக்கு இந்த மலை எனக்குக் கழுத்து வலியாத்தான் தெரிஞ்சுச்சு.

— அன்னைக்கே நாம பேசிக்கிட்டோமில்ல? இந்த மனுசன் என்னத்துக்கு இம்புட்டுத் தூரம் வந்து, ஒரு வேலையும் செய்யாம, கால நீட்டி ஒக்காந்து மலையப் பாக்குறாருன்னு. இப்பத் தெரியுதா?

— நல்லாத் தெரியுது. கொஞ்சம் அரிசி, கருவாடு, ஒரு சட்டி, ஆளுக்கொரு கம்பளி. நம்ம மூட்டைய நமக்காகச் சுமந்தா கனமே தெரியலப்பா. ஓடையில பிடிச்ச மீன இலையில சுத்திச் சுட்டுத் தின்னமே, எங்க ரோசம்மா வைக்கிற கொழம்பு கூட... வேணாம், ராயப்பன்பட்டி வரைக்கும் கேட்டுரும்.

— எனக்கு மீன விட, மல்லாந்து படுத்துக்கிட்டு வானத்தப் பாத்ததுதான். பொறந்ததுல இருந்து அதே வானந்தான் மேல கெடக்கு. ஒரு நாளும் நிமிந்து பாக்க நேரம் இல்ல. நேத்துச் சாயங்காலம் மேட்டுல இருந்து பாத்த காட்டுமாட்டுக் கூட்டம் வேற. அந்தக் கன்னுக்குட்டி மடிய முட்டுனதப் பாத்தியா?

— பாத்து முடிக்கல, அதுக்குள்ள வானம் பொத்துக்கிச்சு. ராத்திரி பூரா அந்தப் பொந்துக்குள்ள முட்டியக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தோம். சீனி, அப்பத்துல இருந்து எனக்கு ஒரே நெனப்பு.

— தெரியும். வெறகு.

— ஆமா, வெறகு. மழைக்கு ஒதுங்குற பாறைப் புடவுல தங்குனவன் எரிச்ச வெறகுக்கு ஈடா வெட்டி உள்ள அடுக்கிட்டுப் போகணும். பின்னால வாரவன் நனைஞ்சுக்கிட்டு வருவான். இந்தப் பாதையில தலைச்சுமை கொண்டு போற அத்தனை பேரும் அதச் செய்றாக. நாம செய்யல.

— இப்ப அங்கனதான போறோம்? வெட்டி அடுக்கிட்டாப் போச்சு.

— நனைஞ்ச காட்டுல காஞ்ச வெறகுக்கு எங்க போவ? சோறாக்கக் கொஞ்சம் சுள்ளி போதும். நீ முந்தாநாளு உள்ள இருந்த அடுக்கு பூராத்தையும் இழுத்துப் போட்டுக் கொளுத்துன.

— துரை கொளுத்துனாரே! ஆள் ஒசரத்துக்கு! "பிக் பயர், பிக் பயர்"னு கையத் தட்டிக்கிட்டு.

— துரை கொளுத்துனப்ப நீ என்ன சொன்ன? அதயும் சொல்லு.

— இப்ப எதுக்கு அது?

— "இவன் வீட்டு அடுப்பு அணைஞ்சு போக"ன்னு சொன்ன. அவரு ஒறங்குனப்புறம் நாம ரெண்டு பேருந்தான் அருவாளத் தூக்கிட்டுப் போயி வெட்டியாந்து அடுக்குனோம். சொமந்த களைப்போட. அந்த வெறகத்தான் சீனி நாமளே எரிச்சது. நாம எரிக்கையில இந்த மலையில குடியிருக்கிற பளியன் சுருளியாண்டி கூட வந்து சொன்னான், "மழை இருட்டுது சாமி, கொஞ்சம் மிச்சம் வைங்க"ன்னு. நீ அவன என்ன சொன்ன?

— வெளையாட்டுக்குச் சொன்னேன்பா.

— "போ மேன்"னு சொன்ன. தலையில இருந்த செவப்பு உருமாவக் கழட்டிக் கம்புல கட்டி, துரை டேராவுல கொடி பறக்குற மாதிரி நட்டு வச்சுக்கிட்டு, "போ மேன்"னு.

— கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சது யாரு?

— நாந்தான். அதான் உறுத்துது. நானாவது ஞாயித்துக்கெழமை பூசைக்கு முன்னாடி சாமியாரு காதுல போட்டு எறக்கி வச்சிருவேன். நீ யாருகிட்டச் சொல்லுவ?

— நான் சொல்ல வேண்டியவ மேல அணை கட்டுற எடத்துல புருசனோட ஒக்காந்திருக்கா. என் தங்கச்சி மாயக்கா. "தலைச்சன் பிரசவம்டா, பத்திரமாக் கூட்டியா"ன்னு ஆத்தா கட்டுச்சோறு கட்டிக் குடுத்து அனுப்புச்சு. அந்தக் கட்டுச்சோத்த நாம ஓடைக்கரையில ஒக்காந்து தின்னோம்.

— மொதல்ல தங்கச்சியக் கூட்டியாந்துருவோம்னு நான் சொன்னேன்.

— மாசம் இன்னும் கெடக்குப்பா. கூட்டிட்டு எறங்கிட்டா அப்புறம் ஏது காடு? வயக்காடு, மாடு, வரப்புச் சண்டை. அணையில போயி, ஆத்துல வெள்ளம், அதான் சொணங்கிருச்சுன்னு சொல்லிக்கிட்டாப் போச்சு... ஏலே நில்லு. புடவு தெரியுது. கொடியக் காணோம்.

— காத்துல போயிருக்கும்.

— கம்பு நட்ட மேனிக்கு நிக்குது. துணியத்தான் காணோம். உள்ள இருந்து பொகை வருது பாரு. யாரு உள்ள? தலைச்சுமைக்காரகளா?

— யாரது? இந்தக் கொரலு... அண்ணனா? எங்கண்ணே சீனியா?

— மாயக்கா! ஆத்தா, நீ எப்படி இங்கன?

— வந்துட்டியா அண்ணே! உசுரோட வந்துட்டியா! கூட யாரு, மிக்கேலண்ணனா? வாங்கண்ணே. குனிஞ்சு வாங்க, பாறை தட்டும். மெதுவாப் பேசுங்க, பிள்ள ஒறங்குது.

— பிள்ளையா?

— பொட்டப்பிள்ள. உம் மருமக. நேத்து ராத்திரி இங்கனதான் பெறந்தா.

— மாதாவே! இந்த வெறும் பாறையிலயா தங்கச்சி?

— என்னத்தச் சொல்லண்ணே. கூடலூர்ல இருந்து சுண்ணாம்பு ஏத்திட்டு வந்த வண்டிக்காரரு, "உங்கண்ணன் வெள்ளிக்கெழமையே கெளம்பிட்டாப்லயே, இன்னுமா வரல?"ன்னு கேட்டாரு. அதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. ஆனை அடிச்சிருச்சோ, காச்சக் கண்டு எங்கயும் விழுந்து கெடக்கியோன்னு. மறுநாளே வண்டிப் பாதை மழையில சரிஞ்சு போச்சு. எங்க வீட்டுக்காரவுக வேணாம்னுதான் சொன்னாக. நாந்தான் அழுது அடம்பிடிச்சு, இந்தக் காட்டுப் பாதையிலயே தேடிப் பாத்துக்கிட்டு எறங்குவோம்னு கெளம்புனேன். வழி நெடுக "அண்ணே, அண்ணே"ன்னு கத்திக்கிட்டே வந்தேன். உனக்குக் கேக்கலையா?

— இல்ல ஆத்தா. எனக்கு... காச்சதான். நீ சொன்ன மாதிரியேதான். வழியில காச்சக் கண்டு ஒரு பொந்துல கெடந்தேன். மிக்கேலுதான் கூட இருந்து பாத்துக்கிட்டான். என்ன மிக்கேலு?

— ம்.

— அதான் மொகம் செத்துக் கெடக்கு. இங்கன வா, நெத்தியத் தொட்டுப் பாக்குறேன். ம், விட்டுருச்சு. இந்தச் சட்டியில கஞ்சி இருக்கு, குடி.

— நீ குடி ஆத்தா. பெத்த ஒடம்பு.

— காச்சக்காரன் மொதல்ல குடி. மிக்கேலண்ணே, நீங்களும் ஒரு வாய்.

— எனக்கு வேணாம் தங்கச்சி.

— மாப்பிள்ளை எங்க? இந்த நெலமையில உன்னையத் தனியா விட்டுட்டு ஒச்சாண்டி எங்க போனாரு?

— டோலி தூக்க ஆள் கூட்டியாரக் கீழ போயிருக்காக. கையோட அந்தப் பளியனையும் கட்டி இழுத்துட்டுப் போறாக.

— எந்தப் பளியன?

— சுருளியாண்டின்னு ஒருத்தன். கேளு கூத்த. நேத்துப் பொழுது சாய, மழையும் வலியும் ஒண்ணாப் பிடிச்சுக்கிருச்சு. புடவுக்குப் போயிட்டா வெறகு இருக்கும், வெந்நி வைக்கலாம், ஒண்ணும் பயமில்லன்னு அவுக சொல்லிச் சொல்லித்தான் என்னைய நடத்திக் கூட்டியாந்தாக. வந்து பாத்தா ஒரு குச்சி இல்ல. வாசல்ல மழையில கரைஞ்ச சாம்பல் குமிஞ்சு கெடக்கு.

— தங்கச்சி...

— அவுக ஓடி ஓடிப் பச்சை வெறகா வெட்டியாந்து ஊதுனாக. பொகைதான் வந்துச்சு. பிள்ள விழுந்தப்ப அழுகல. ஒடம்பெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. என் நெஞ்சோட இவள வச்சு, அவுக என்னையக் கட்டிப் பிடிச்சு, அந்தச் சூடுதான் சூடு. விடியிற மட்டும் மூக்குல வெரல வச்சு வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தோம், மூச்சு வருதான்னு.

— யேசுவே.

— விடியிற நேரம் அந்தப் பளியன் வந்தான். நான் கத்துனது கேட்டுச்சாம். சட்டியில நெருப்ப மூடிக் கொண்டாந்தான், முதுகுல ஒரு கட்டுக் காஞ்ச வெறகு. அதுலதான் வெந்நி வச்சு, பிள்ளைக்கு ஒத்தடம் குடுத்து, அதுக்கப்புறந்தான் இவ வீல்னு அழுதா. அப்பத்தான் அவுகளுக்குப் பொறி தட்டுச்சு. ஊரே நனைஞ்சு கெடக்கையில இவன்கிட்ட மட்டும் காஞ்ச வெறகு ஏது? இங்கன இருந்தத எரிச்ச மட்டும் எரிச்சுட்டு மிச்சத்தத் தூக்கிட்டுப் போயிருக்கான்னு பிடிச்சுக்கிட்டாக.

— அவன் என்ன சொன்னான்?

— அவன் என்னமோ, ரெண்டு ஆளுக துரை வேசம் கட்டி, கொடி நட்டு ஆட்டம் போட்டாகன்னு கதை சொன்னான். யாரு நம்புவா? பொய் வேற சொல்றியான்னு மேலயும் போட்டாக. ஒதடு கிழிஞ்சு போச்சு. கீழ சாவடியில காட்டுக் கார்டு கையில ஒப்படைக்கப் போறாகளாம். உள்ள தள்ளிருவாக போல.

— சீனி.

— பேசாம இரு மிக்கேலு.

— சீனி, வெளிய வா. வெறகு பாக்கணும்னு சொன்னியே.

— இந்தா வந்துருறேன் ஆத்தா... என்னடா?

— என்னடாவா? அவன் கொண்டாந்த நெருப்புலதான் உன் தங்கச்சி குளிர் காயுறா. அவன் ஒதடு கிழிஞ்சு, கை கட்டோட போறான். போயிச் சொல்லு.

— சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? ஒச்சாண்டி லேசுப்பட்ட ஆளு இல்ல. உன் அண்ணன் எம்பிள்ளையக் கொல்லப் பாத்தான்னு மாயக்கா பொறந்த வீட்டு வாசல மிதிக்க விடமாட்டான். எங்க ஆத்தா உசுரோடயே செத்துரும். பளியன என்ன பண்ணிருவாக? ரெண்டு நாளு வச்சிருந்துட்டு விட்டுருவாக.

— இப்ப நீ பேசுறது யாரு பேசுற மாதிரி இருக்கு தெரியுமா? கட்டிலு சுமந்து என் கழுத்து பிசகுனப்ப, "ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்"னு சொன்னாரே, அவரு மாதிரி.

— அப்ப நீயே போயிச் சொல்லு.

— சொல்லியிருவேன். ஆனா அந்தப் பொண்ணு மொகத்தப் பாத்தா வாய் வரல. அதுக்குத்தான் உன்னையக் கெஞ்சுறேன். எனக்கும் வெக்கமா இருக்குப்பா.

— அண்ணே! என்ன அங்கன ரகசியம்?

— ஒண்ணுமில்ல ஆத்தா. ஒரு குச்சி கூடக் காஞ்சது இல்ல, அதத்தான் பேசிக்கிட்டிருந்தோம்.

— வெறகு கெடக்கட்டும். நீ மொதல்ல தாய்மாமன் கடமையச் செய்யி. கருப்பட்டி கரைச்சு வச்சிருக்கேன், பிள்ளைக்குச் சேனை வையி.

— நானா?

— வேற யாரு? பெறந்ததுல இருந்து இவ வாயில யாரும் தொட்டு வைக்கல. உனக்குன்னுதான் வச்சிருக்கேன். மொதச் சேனை வைக்கிறவுக கொணந்தான பிள்ளைக்கு வரும்? இவ வயித்துல இருக்கையிலயே நெனச்சுக்கிட்டேன், எங்கண்ணன் கொணம் வரட்டும்னு. இந்தா, வெரலத் தொடு.

— கை அழுக்கு ஆத்தா.

— இந்தத் தண்ணியில கழுவிக்க. ம், தொடு. ஏன் கைய இழுத்துக்கிற?

— காச்ச...

— பாரு, வெரலு வருதுன்னதும் வாயத் தெறக்குறா. மாமன் வந்துருக்கேன் பாருன்னு சொல்லி வையி அண்ணே.

— முடியல.

— என்ன முடியல?

— எங் கொணம் வேணாம் ஆத்தா. இந்தப் பிள்ளைக்கு வேணவே வேணாம். எனக்குக் காச்சலும் இல்ல ஒரு கருமாந்தரமும் இல்ல. உன்னையக் கூட்டியார வந்தவன் மீன் சுட்டுத் தின்னுக்கிட்டு, ஓடையில குளிச்சுக்கிட்டு, துரை கணக்கா காட்டச் சுத்திக்கிட்டு இருந்தேன். நேத்து நீ "அண்ணே அண்ணே"ன்னு கத்திக்கிட்டு வந்த நேரம், நான் மேட்டுல கால நீட்டி ஒக்காந்து காட்டுமாடு பாத்துக்கிட்டிருந்தேன். அந்தச் சாம்பலு என் சாம்பலு. வெறகு பூராத்தையும் எரிச்சது நாந்தான். மிக்கேலு வேணாம்னான்.

— வேணாம்னு சொல்லல. கூட நின்னு சிரிச்சேன் தங்கச்சி. ரெண்டு பேரும்னே வச்சுக்க.

— காறித் துப்பு ஆத்தா. ஏதாச்சும் சொல்லு.

— என்னத்தச் சொல்ல. அந்தக் கம்பளிய நகட்டு. அடியில என்ன கெடக்குன்னு பாரு.

— என் உருமா.

— வீரபாண்டித் திருவிழாவுல நான் எடுத்துக் குடுத்தது. கரையில மஞ்ச நூலு ஓட்டுனது என் கை. வலியோட மேடேறி வந்தப்ப மொதல்ல கண்ணுல பட்டது அதுதான். கம்புல ஆடிக்கிட்டு இருந்துச்சு. சாமிய நெனச்சுக் கும்பிட்டேன், அண்ணன் உசுரோடதான் இருக்கான்னு. அப்புறந்தான் சாம்பலப் பாத்தேன். அவுக வெறகு தேடி அந்தப் பக்கம் போனதும் அவுத்து மறைச்சுட்டேன்.

— எல்லாம் தெரிஞ்சுமா நெத்தியத் தொட்டுப் பாத்த? தெரிஞ்சுமா கஞ்சி குடுத்த?

— நீ பொய்யிலயே நின்னுக்கிட்டா எனக்கும் நல்லதுன்னு நெனச்சேன். நீ எதுக்குச் சொன்ன?

— உனக்கு என்ன நல்லது? எனக்கு வெளங்கல தங்கச்சி. சுருளியாண்டி எரிக்கலன்னு உனக்குத் தெரியும். மாப்பிள்ளை அவன அடிக்கிறப்ப ஒரு வார்த்த சொல்லலையா?

— சொன்னேன் மிக்கேலண்ணே.

— என்னன்னு?

— இவன்தான்னு.

— மாயக்கா!

— ராத்திரி பூரா அவுக கறுவிக்கிட்டே இருந்தாக, எரிச்சவன் எவனா இருந்தாலும் அவன் தலைய எடுக்காம விடமாட்டேன்னு. என் இடுப்புல உன் உருமா இருக்கு. நான் என்ன பண்ண? விடிஞ்சதும் அவன் வந்து நின்னான். அவுகளா ஒண்ணும் அவனச் சந்தேகப்படல. வெறகு குடுத்தவன்னு கையெடுத்துக் கும்பிடத்தான் போனாக. எவனா இருக்கும்னு பேச்சுவாக்குல கேட்டாக, நான் முந்திக்கிட்டேன். காஞ்ச வெறகு இவன்கிட்ட ஏதுன்னு கேட்டதும் நாந்தான்.

— நான் ஓடுறேன். ஊத்து வழியாக் குறுக்க எறங்குனா சாவடிக்கு முன்னாடி பிடிச்சிரலாம். மிக்கேலு, நீ இவளப் பாத்துக்க.

— போயி என்னன்னு சொல்லுவ அண்ணே?

— எரிச்சது நான்னு. ஒச்சாண்டி என்ன பண்ணுனாலும் சரி. உன்னைய இழுக்க மாட்டேன் ஆத்தா, நீ உருமாவப் பாக்கவே இல்ல.

— பாத்தேன்னு சொல்லு. அந்தக் கருப்பட்டித் தண்ணியக் கீழ ஊத்திரு. உன்னைய வைக்கச் சொன்னது, ஏற்கெனவே வச்சத மேல பூசி மறைக்கத்தான். இவளுக்குச் சேனை வச்சாச்சு.

— யாரு வச்சா?

— வேற யாரு இருந்தா இங்கன? அவுக "எவன் எரிச்சிருப்பான்"னு கேட்டப்ப, அவன் குனிஞ்சு இவ வாயில மலைத்தேனத் தொட்டு வச்சுக்கிட்டு இருந்தான். நான் அந்தக் கையத்தான் காட்டுனேன்.